கைவிசேடக் குத்தியிலிருந்து லண்டன் ப்ரூஃப் வரை: மட்டக்களப்பில் இருந்துகொண்டு நாணயம் சேர்ப்பது எப்படி

கிழமைக்கு ஒருவராவது வட்ஸ்அப்பில் படம் அனுப்பி, "அண்ணா, இந்தக் காசு எவ்வளவுக்குப் போகும்?" என்று கேட்கிறார்கள். பத்தில் ஒன்பது தடவை என் பதில், கடைக்குக் கொண்டுபோனால் அதில் எழுதியிருக்கிற பெறுமதிக்குத்தான் போகும் என்பது. கேட்டவருக்கு முகம் சுருங்கிவிடும். ஆனால் அவர்களில் ஒரு சிலர், "சரி, விற்க வேண்டாம், நான் சேர்க்கிறேன், எங்கே தொடங்குவது?" என்று திருப்பிக் கேட்பார்கள். இது அவர்களுக்காக எழுதுவது. கொழும்பிலே இருப்பவருக்கும் லண்டனில் இருப்பவருக்கும் உள்ள வசதி கல்லடியிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ இருக்கிற நமக்கு இல்லை, அதனால் நம் வழி கொஞ்சம் சுற்றுவழி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மிச்சமெல்லாம் இதிலிருந்துதான் வரும். நாணயம் இரண்டு விதமாகத்தான் கைக்கு வரவேண்டும். ஒன்று, சில்லறையாக, அதன் சொந்தப் பெறுமதிக்கே. மற்றது, வெளியிடுகிற இடத்திலேயே, வெளியீட்டு விலைக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று விற்பவரிடம் வாங்கத் தொடங்கினால் காசு போகிற வேகம் தெரியாது.

தேடல் வீட்டிலேயே தொடங்கட்டும். அம்மம்மாவின் அலுமாரி, அப்பப்பாவின் தகரப்பெட்டி, சாமியறையில் குங்குமச் சிமிழுக்குக் கீழே கிடக்கிற துணிப்பை. நம் பக்கத்தில் சித்திரை வருசத்துக்குக் கைவிசேடம் கொடுக்கும்போது பெரியவர்கள் வெற்றிலையில் வைத்துத் தந்த குத்திகளை, அதாவது நாணயங்களை, அன்றைக்கே செலவழித்தவர்கள் குறைவு, பத்திரமாக வைத்தவர்கள்தான் கூட. என் அம்மம்மாவின் பையில் அப்படிக் கிடந்தது 1957 ஆம் ஆண்டு ஐந்து ரூபா. புத்த ஜயந்தி 2500 ஆண்டு நினைவாக வெளியிட்டது, ஓரத்தைச் சுற்றி மிருகங்கள் வரிசையாகப் போகும், உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும். அது வெள்ளி. 28.28 கிராம், 92.5 வீதம் வெள்ளி, அதாவது சுத்த வெள்ளி மட்டும் 26 கிராமுக்கு மேல். அதே நினைவுக்கு ஒரு ரூபாக் குத்தியும் வந்தது, அது செம்பும் நிக்கலும் கலந்தது, வெள்ளி இல்லை. பெரியதையும் சிறியதையும் குழப்பிக்கொண்டு பத்தரிடம் போய் நிற்க வேண்டாம்.

பத்தர் என்றதும் ஒரு எச்சரிக்கை. பழைய வெள்ளி ரூபாவை நகைக்கடைக்குக் கொண்டுபோனால் அவர் பார்ப்பது வெள்ளியை மட்டும். நிறுப்பார், கழிவு கழிப்பார், உருக்குவார். அது அவருடைய தொழில், குறை சொல்ல முடியாது. நீங்கள் போகவேண்டியது நிறுக்க மட்டும். விக்டோரியா, எட்வேர்ட், ஐந்தாம் ஜோர்ஜ் தலை போட்ட இந்திய வெள்ளி ரூபா இலங்கையிலும் புழங்கியது, நம் வீடுகளில் நிறைய உண்டு, சிலது வளையம் ஒட்டிக் கழுத்துக்குப் போட்டதும் உண்டு. அது 11.66 கிராம் இருக்கவேண்டும், 91.7 வீதம் வெள்ளி. 1940இலிருந்து வெள்ளியைப் பாதியாக்கிவிட்டார்கள், 1947இல் வந்தது வெறும் நிக்கல். பத்தரின் தராசில் பத்து கிராம்தான் காட்டுகிறது, காந்தமும் ஒட்டுகிறது என்றால் போலி. நிக்கல் ரூபாவிலும் காந்தம் ஒட்டும் என்பதால் முதலில் ஆண்டைப் பாருங்கள். காந்தம் ஐம்பது ரூபாவுக்கும் கிடைக்கும், பழைய ஸ்பீக்கரை உடைத்தால் சும்மாவே கிடைக்கும், சட்டைப்பையில் எப்போதும் இருக்கட்டும்.

இலங்கைச் சதங்களுக்கு வருவோம், எனக்குப் பிடித்த இடம் இதுதான். 1870ஆம் ஆண்டுச் செப்புச் சதத்தை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஓரத்தைப் பிடித்துச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். ஒரு பக்கம் விக்டோரியா மகாராணி. மறுபக்கம் நடுவில் ஒரு பனை, மரத்தின் ஒரு பக்கத்தில் சிங்களம், மற்றப் பக்கத்தில் தமிழ். தேய்ந்துபோன செம்பில் தமிழெழுத்து விரலுக்குத் தட்டுப்படும்போது வருகிற சந்தோஷத்தை, கண்ணாடி போல மெருகேற்றி அடிக்கிற எந்த ப்ரூஃப் நாணயமும் எனக்குத் தந்ததில்லை. அப்புறம் 1909இல் வந்த சதுர ஐந்து சதம், 1944இன் அலையலையான விளிம்புள்ள பித்தளை இரண்டு சதம், ராணி தலை போய் இலங்கைச் சின்னம் வந்த 1963 வரிசை. இவையெல்லாம் பழைய இரும்புக் கடைகளிலும், கோயில் உண்டியல் எண்ணும்போதும், வீடு இடிக்கும்போது அத்திவாரத்திலும் வெளிவரும். கோயில் உண்டியலில் விழுந்ததைக் கோயிலிடம் கேட்டு, உரிய காசைப் போட்டு வாங்குங்கள். எண்ணுகிறவர் சொந்தக்காரர் என்பதற்காகச் சும்மா எடுத்துவர வேண்டாம்.

புதிதாகத் தொடங்குகிற பிள்ளைகளுக்கு நான் கொடுக்கிற வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்று. 2013 என்று ஆண்டு போட்ட பத்து ரூபாக் குத்திகளில் 25 மாவட்டத்துக்கும் ஒவ்வொன்றாக மத்திய வங்கி வெளியிட்டது. அந்த 25ஐயும் சில்லறையிலிருந்தே சேர்க்க வேண்டும், ஒன்றையும் விலைக்கு வாங்கக் கூடாது. முதலில் நம் மட்டக்களப்பு, பிறகு அம்பாறை, பிறகு திருகோணமலை. கல்முனை பஸ்ஸில் கொண்டக்டர் மிச்சக்காசு தரும்போது குத்தியைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டால் நீங்கள் சேகரிப்பாளர் ஆகிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒரு தடவை நான் அப்படிப் பார்த்துக்கொண்டு நிற்க, கொண்டக்டர், "என்ன மனே, கள்ளக்காசு எண்டு பாக்கிறியா?" என்று கோபித்துக்கொண்டார். விசயத்தைச் சொன்னதும் அவரே தோல்பையைக் கவிழ்த்து மடியில் கொட்டித் தேடவிட்டார். எனது அம்பாறைக் குத்தி அந்தப் பையிலிருந்து வந்ததுதான். வங்கியில் தெரிந்த காசாளர் இருந்தால் இன்னும் லேசு, நோட்டைக் கொடுத்து ஒரு பொதி குத்தி வாங்கி, வீட்டில் பாயில் கொட்டித் தேடிவிட்டு, மிச்சத்தை மறுநாளே திருப்பிக் கட்டலாம். சித்திரை வருசத்துக்கு முந்தின கிழமை மட்டும் போகாதீர்கள், அன்றைக்கு அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது.

கழுவ வேண்டாம். இதைப் பெரிய எழுத்தில் எழுதி அலுமாரியில் ஒட்டுங்கள். என்னுடைய முதல் விக்டோரியாச் சதத்தை மேசையில் வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போய்விட்டேன். அன்று வெள்ளிக்கிழமை, அம்மா குத்துவிளக்குத் தேய்த்துக்கொண்டிருந்தார், புளியும் சாம்பலும் கையிலேயே இருந்தது, "பிள்ளையின்ற காசு கறுத்துப்போய்க் கிடக்கு" என்று அதையும் சேர்த்துத் தேய்த்துவிட்டார். பின்னேரம் வந்து பார்க்கிறேன், பளபளவென்று புது வாளி மாதிரி ஒரு செம்பு வட்டம். மரத்தின் ஓலையெல்லாம் மழுங்கிப்போய்விட்டது. நூற்றுச் சொச்சம் வருசமாக ஏறிய நிறம், அரை நிமிசத்தில் போய்விட்டது, திரும்ப வரவே வராது. சேகரிக்கிற எவரும் அப்படிப்பட்ட நாணயத்துக்குப் பாதி விலைகூடத் தரமாட்டார். மண் ஒட்டியிருந்தால் மருந்துக்கடையில் விற்கிற காய்ச்சி வடித்த தண்ணீரில் ஓரிரு நாள் ஊறவிட்டு, தேய்க்காமல் மென்துணியில் ஒற்றி எடுங்கள், அதோடு நிறுத்துங்கள்.

வைக்கிற விதமும் நம்மூருக்கு முக்கியம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, காற்றில் எந்நேரமும் உப்பு. மாரியில் சுவரே வியர்க்கும். மென்மையான, மணம் வருகிற பிளாஸ்டிக் உறைகளில் பிவிசி இருக்கும், இரண்டு மூன்று வருசத்தில் நாணயத்தில் பச்சையாகப் பிசுபிசுப்பு ஏறும். அட்டையும் மைலார் என்கிற மெல்லிய தெளிவான பிளாஸ்டிக் தாளும் சேர்ந்த சதுர ஹோல்டர் அல்லது கட்டியான கப்ஸ்யூல் வாங்குங்கள். றப்பர் பேண்ட், செய்தித்தாள், பூச்சி உருண்டை மூன்றும் பெட்டிக்குள் கூடாது, றப்பரில் இருக்கிற கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கிவிடும். சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துவைத்துப் போடுங்கள். பெட்டி தரையில் இருக்கவே வேண்டாம், 2011 ஜனவரி வெள்ளத்தைப் பார்த்த யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

இனிப் புதிய வெளியீடுகள். பலர் நினைப்பது போல இலங்கைக்குச் சொந்தமாக நாணயசாலை கிடையாது. வெளியிடுவது மத்திய வங்கி, அடித்துக் கொடுப்பது வெளிநாட்டு நாணயசாலைகள். சுதந்திரத்தின் 50 ஆண்டுக்கு 1998இல் வந்த இரு உலோகப் பத்து ரூபா, அதே நேரம் வந்த தங்க 5000 ரூபா, 1996 உலகக் கிண்ண வெற்றிக்கு 1999இல் வந்த கிரிக்கெட் ஐந்து ரூபா எல்லாம் இந்த வழியில் வந்தவை. புதியது வரப்போகிறது என்றால் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் தமிழிலும் அறிவித்தல் வரும். அதில் இரண்டு விசயம் பிரித்துப் பாருங்கள்: புழக்கத்துக்கு விடுவதா, அல்லது உறையில் போட்டு விற்பதா. புழக்கத்துக்கு வருவதை அவசரப்பட்டுத் துரத்தத் தேவையில்லை, சில மாதத்தில் ஆரையம்பதிக் கடையிலேயே மிச்சக்காசாக வரும். உறையில் வருவதுதான் சீக்கிரம் முடியும். கொழும்புக் கோட்டையில், சதாம் வீதியில், மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலை இருக்கிறது, இரவு ரயிலில் போய் இறங்கினால் நடந்தே போய்விடலாம், வாங்காவிட்டாலும் ஒரு தடவை பார்க்கவேண்டிய இடம். கிழக்கில் மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையில் உண்டு. எங்கே போவதானாலும் முதல்நாள் கோல் எடுத்து, இருக்கிறதா, ஆளுக்கு எத்தனை, அடையாள அட்டை வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

வெளிநாட்டு நாணயசாலைகளில் வாங்குவதென்றால், நமக்கு இருக்கிற பெரிய பலம் சொந்தக்காரர். லண்டனில் மாமி, கனடாவில் சித்தப்பா, சுவிஸில் மச்சான் என்று யாராவது இல்லாத வீடு நம் பக்கத்தில் குறைவு. முதல் வேலையாக லண்டன் மாமியிடம் பணப்பையில் இருக்கிற 50 பென்ஸ் குத்திகளைப் பார்க்கச் சொல்லுங்கள். 2009இல் கியூ தோட்டத்துக்கென்று வந்த 50 பென்ஸ் மொத்தம் 210,000 தான் புழக்கத்துக்கு விட்டார்கள், சீனப் பகோடாக் கோபுரம் இருக்கும். சார்ள்ஸ் மன்னர் தலையோடு வந்த 2023 சால்மன் மீன் 50 பென்ஸ் அதைவிடக் குறைவு, 200,000. இரண்டையும் எவரும் "லிமிட்டட்" என்று கூவி விற்கவில்லை, சும்மா சில்லறையாக விட்டார்கள், அதுதான் விசேசம்.

நாணயசாலை தானே "லிமிட்டட் எடிஷன்" என்று பெட்டியில் போட்டு விற்பது வேறு கதை. அங்கே சொற்களை நிதானமாக வாசிக்க வேண்டும். பிரித்தானியாவின் நாணயசாலையான ரோயல் மின்ட்டின் விபரப் பகுதியில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, அந்தப் பெட்டியோடு எத்தனை விற்பார்கள் என்பது. மற்றது, அந்த நாணயமே மொத்தம் அதிகபட்சம் எத்தனை அடிப்பார்கள் என்பது. பெட்டி 1,000 என்று போட்டிருக்கும், நாணயம் 7,000 வரை அடிக்கலாம் என்று கீழே சின்னதாக இருக்கும் (எண்கள் உதாரணத்துக்குத்தான்). நீங்கள் பார்க்கவேண்டியது இரண்டாவது எண்ணை. பெட்டி பலகைதானே. அப்புறம் ப்ரூஃப், அன்சர்குலேட்டட் என்று இரண்டு தரம் வரும். மெருகேற்றிய அச்சில், மெருகேற்றிய வட்டில், ஒரு தடவைக்கு மேல் அடித்து, தளம் கண்ணாடி போலவும் உருவம் பனி படிந்தது போலவும் வருவது ப்ரூஃப். மற்றது சாதாரணமாக அடித்ததுதான், ஆனால் ஆள் கை படாதது. ப்ரூஃபின் முகத்தில் பெருவிரல் பட்டால் அந்த ரேகை கடைசிவரைக்கும் அங்கேயே இருக்கும், கப்ஸ்யூலைத் திறக்கவே திறக்காதீர்கள், மருமகப்பிள்ளைகள் கேட்டாலும்.

விலையைப் பார்க்க ஒரு கணக்கு: கிராமை வெள்ளி வீதத்தால் பெருக்கி, அன்றைய ஒரு கிராம் வெள்ளி விலையால் பெருக்குங்கள். விலையை அவுன்ஸில் சொன்னால் 31.1ஆல் வகுங்கள், ஒரு அவுன்ஸ் என்றால் 31.1 கிராம். வெளியீட்டு விலை அதைப்போல இரண்டு மூன்று மடங்கு இருந்தால், மிச்சம் முழுக்க வடிவத்துக்கும் பெட்டிக்கும் ஆசைக்கும் கொடுக்கிற காசு. கொடுக்கலாம், தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும்.

வெளியீட்டு நாளுக்கு வருவோம். அமெரிக்க மின்ட் அநேகமாக அவர்களுடைய கிழக்குக் கரை நேரம் நண்பகல் 12 மணிக்குத் திறக்கும். அவர்களுடைய கோடையில் அது நமக்கு இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30. ரோயல் மின்ட்டின் காலை 9 மணி நமக்குப் பிற்பகல் 1.30 அல்லது 2.30. இந்த ஒரு மணித்தியாலத்தைக் கவனிக்காமல் விட்டு, நான் ஒரு தடவை தேநீரும் கையுமாக உட்கார்ந்தபோது "விற்று முடிந்தது" என்றுதான் திரையில் இருந்தது. கணக்கை முதல் கிழமையே திறந்து, முகவரி, அட்டை விபரம் எல்லாம் ஏற்றி வைத்துவிடுங்கள். நம் வங்கி அட்டை வெளிநாட்டு ஒன்லைன் கொடுப்பனவுக்குத் திறந்திருக்கிறதா என்று வங்கியில் கேளுங்கள், ஓடிபி வருகிற சிம் கையில் இருக்கிற ஃபோனிலேயே இருக்கட்டும். இலங்கைக்கு அனுப்புவார்களா என்பதை ஆசைப்படுவதற்கு முன்னாலேயே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் சித்தப்பாவின் பெயரில், சித்தப்பாவின் முகவரிக்கு, சித்தப்பாவே வாங்குவதுதான் சுத்தம். டொரன்டோவுக்கும் அமெரிக்கக் கிழக்குக் கரை நேரம்தான், அவருக்கு அது மதியச் சாப்பாட்டு நேரம். ஆனால் காசை முன்கூட்டியே பேசிவிடுங்கள், "பிறகு பாப்பம்" என்று விட்டால் நாணயம் வரும், உறவு போகும்.

இணையத்தளத்தில் காத்திருப்பு வரிசை வந்தால் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்காதீர்கள், இருந்த இடமும் போய்விடும். வீட்டுக்கு இத்தனைதான் என்று எல்லை வைத்திருப்பார்கள், அதை மீறி மூன்று கணக்கில் போட்டால் மூன்றையும் இரத்துச் செய்யலாம். சில வெளியீடுகளுக்குக் குலுக்கல் முறை வைப்பார்கள், அது வேலைவெட்டி உள்ளவர்களுக்கு நல்லது, பதிந்துவிட்டுத் தூங்கலாம். சாதாரண தபாலில் நாணயம் அனுப்பக் கூடாது, அனுப்பினால் தொலைந்ததைக் கேட்கவும் முடியாது. பதிவுத் தபால் அல்லது கூரியர், நாணயம் எடுப்பார்களா என்று கேட்டுவிட்டு, பெறுமதியை உள்ளபடி எழுதி. நல்லூர்த் திருவிழாவுக்கோ நம் மாமாங்கக் கோயில் திருவிழாவுக்கோ விடுமுறையில் வருகிறவர் கைப்பையில் கொண்டுவருவது இன்னும் நிம்மதி, விலையுயர்ந்தது என்றால் பற்றுச்சீட்டும் சேர்ந்து வரட்டும், சுங்கத்தில் கேட்டால் காட்டத்தான்.

தவறவிட்டால்? விடுங்கள். இதை நான் காசு கொடுத்துப் படித்தேன். ஒரு வெள்ளி ப்ரூஃப் அரை மணியில் முடிந்தது என்று மனம் கொதித்து, அன்று இரவே இன்னொருவரிடம் இரண்டரை மடங்கு விலைக்கு வாங்கினேன். ஏழு மாதம் கழித்து அதே நாணயம், அதே சான்றிதழோடு, வெளியீட்டு விலைக்கும் கீழே போனது. முதல் இரண்டு கிழமை விலை என்பது வாங்கியவர்கள் ஒருவருக்கொருவர் விற்கிற விலை, அதில் நுழையாமல் ஆறு மாதம் பொறுத்தால் பெரும்பாலும் இறங்கும். இறங்காவிட்டாலும் ஒன்றும் குடி முழுகாது.

இந்திய நாணயம் நமக்கு லேசாகக் கிடைக்கிறது, யாத்திரை போய்வருகிறவர்கள் சில்லறையோடுதான் வருவார்கள். ஆண்டுக்குக் கீழே பாருங்கள்: வைரக் குறி மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப் புள்ளி நொய்டா, ஒன்றுமில்லை என்றால் கொல்கத்தா. அறிஞர் அண்ணா நூற்றாண்டு ஐந்து ரூபாவில் அவருடைய தமிழ்க் கையொப்பமே இருக்கும். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 2010இல் ஐந்து ரூபாவும் ஆயிரம் ரூபாவும் வந்தது, ஐந்தைச் சில்லறையில் தேடலாம். 2024இல் வந்த கலைஞர் நூறு ரூபாவில் "தமிழ் வெல்லும்" என்று இருக்கிறது, அது இந்திய அரசு நாணயசாலை விற்கிற சேகரிப்பு நாணயம், சில்லறையில் வராது.

போலிகளைப் பற்றிச் சுருக்கமாக. "இந்தப் பழைய காசுக்கு இருபது லட்சம், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்று பேஸ்புக்கில் வருவது முழுக்க ஏமாற்று, இந்திய ரிசர்வ் வங்கியே தன் பெயரில் இது நடக்கிறது என்று 2021இல் எச்சரித்தது. 1818 என்று போட்டு, சாமி படம் போட்ட கிழக்கிந்தியக் கம்பனி "ஒரு அணா" கம்பனி அடித்ததே இல்லை. அரிசியை இழுக்கிற மந்திர சக்தி நாணயம் என்று யாராவது வந்தால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அப்புறம், வயல் உழும்போதோ கிணறு வெட்டும்போதோ யாழ்ப்பாண அரசர்களின் சேதுக் காசோ ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி அடித்த விஓசி காசோ குவியலாக வந்தால் அது உங்கள் சேகரிப்புக்கு அல்ல, 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இருக்கிறது, தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும்.

ஒரு சி.ஆர். கொப்பி, அதாவது கட்டியான அட்டை போட்ட குறிப்பேடு, வாங்கி எழுதுங்கள்: எந்த நாணயம், எந்த ஆண்டு, எங்கே, யாரிடமிருந்து, எவ்வளவு. எனது கொப்பியில் மாவட்டக் குத்திப் பக்கத்தில் 24 வரி நிரம்பியிருக்கிறது, மன்னாருக்கு நேரே மட்டும் வெறுமை. யாரிடமாவது மன்னார் இரண்டு இருந்தால் சொல்லுங்கள், என்னிடம் அம்பாறை மூன்று கிடக்கிறது, மாற்றிக்கொள்ளலாம்.